ஆத்தங்குடித் தரைக்கல் விற்கும் இடத்தில் வாடிக்கையாளர் விவரப் பலகை: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

கூப்பிடுபவர் யார், என்ன வாங்கினார் என்பதைத் திரையில் காட்டும் பகுதிதான் விவரப் பலகை. செட்டிநாட்டில் வாடிக்கையாளர் சேவை மென்பொருள் முதலில் இடறுவது பெயரில்தான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊர் இது. அண்ணாமலை, சிதம்பரம், மெய்யப்பன், வள்ளியம்மை என்று தேடினால் திரை நிறைய ஆட்கள் வந்து நிற்பார்கள். மென்பொருளோ முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டே கட்டம் தருகிறது. நகரத்தார் வீடுகளில் ஆளைப் பிரித்துக் காட்டுவது விலாசமும் வீடிருக்கும் ஊரும். விலாசம் என்பது இங்கே முகவரி இல்லை, பெயருக்கு முன்னால் வரும் குடும்பத்து முதலெழுத்துகள். குடும்பப்பெயர்க் கட்டத்தை எடுத்துவிட்டு அந்த இரண்டையும் சேர்த்ததும் தேடல் சரியானது. விலாசத்தைப் புள்ளியும் இடைவெளியும் நீக்கிச் சேமிக்க வேண்டும். இல்லாவிட்டால் 'மு.அ.சித', 'மு அ சித' இரண்டும் இரண்டு ஆட்களாகிவிடும்.

போன் எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. சிங்கப்பூர் எண்ணுக்கு 8 இலக்கம். முன்னால் 65 சேர்ந்தால் 10. கூட்டல் குறி இல்லாமல் பழைய எக்செல் தாளில் கிடக்கும் அந்த எண், 6-இல் தொடங்கும் இந்திய மொபைல் எண் போலவே இருக்கும். தரவை ஏற்றும்போது மென்பொருள் அதற்கு +91 ஒட்டிவிடும். அதன்பின் சிங்கப்பூரிலிருந்து எத்தனை முறை கூப்பிட்டாலும் அவர் புது ஆள்தான். ஆகவே ஏற்றுவதற்கு முன்பே 65-இல் தொடங்கும் 10 இலக்க எண்களைத் தனியாகப் பிரித்து, ஆர்டர் முகவரியோடு ஒப்பிட்டுக் கையால் திருத்துவது நல்லது.

எண் பொருந்தினாலும் வேலை முடிவதில்லை. மகன் சிங்கப்பூரில் இருந்து பணம் கட்டுகிறார், வீடு கானாடுகாத்தானில், வீட்டைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர், கல் பதிக்கும் கொத்தனார் இன்னொருவர். நாலு பேரும் கூப்பிடுவார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் என்ற அமைப்பு இங்கே உடைந்துபோகிறது. பலகை வீட்டை நடுவில் வைத்து, ஆட்களை அதோடு பொறுப்பின்படி இணைக்க வேண்டும். ஒரு கொத்தனார் எண் ஐந்து வீடுகளோடு இணைந்திருந்தால், கடைசி ஆர்டரை மென்பொருள் தானாகத் திறக்கவே கூடாது. ஐந்தையும் ஊர்ப் பெயரோடு காட்டி, "எந்த வீட்டு வேலைங்கண்ணே?" என்று கேட்க விட வேண்டும். கொத்தனார் பேசும்போது விலையும் பாக்கியும் தெரியும் வரி மறைந்திருக்கட்டும். வீட்டுக்காரர் கணக்கைத் தெரியாத்தனமாக வேறொருவரிடம் படித்துக் காட்டுவதுபோல நம்பிக்கையைக் கெடுப்பது வேறில்லை.

அடுத்து, எதைக் காட்டுவது? அடிக்கடி வரும் கேள்வி இது: "போன தடவை எடுத்த அதே கல்லுதான் தம்பி, இன்னும் பன்னெண்டு வேணும்." டிசைன் பெயரும் அளவும் இதற்குப் போதாது. கண்ணாடியின் மேல் நிறக் கலவையைக் கையால் ஊற்றிச் செய்வதால் லாட்டுக்கு லாட் (ஒரு தடவையில் செய்த கற்களின் தொகுதி) நிறம் கொஞ்சம் மாறும். லாட் எண்ணும், அனுப்பும் முன் பகல் வெளிச்சத்தில் எடுத்த படமும் பலகையின் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். அளவை எண்ணிக்கையிலும் சதுர அடியிலும் சேர்த்தே காட்டுங்கள். வீட்டுக்காரர் 100 சதுர அடி என்பார், கொத்தனார் 144 கல் என்பார். 10 அங்குலக் கல்லில் இரண்டும் ஒன்றுதான். 8 அங்குலமென்றால் 225 கல்.

கல் பதித்த தேதிக்கும் ஒரு புலம் அவசியம். "வெள்ளை வெள்ளையா இருக்கு ஆச்சி" என்று புகார் வந்தால் பதில் அதைப் பொறுத்தது. பதித்துச் சில வாரமே ஆகியிருந்தால் பெரும்பாலும் அடியிலுள்ள ஈரத்தோடு உப்பு மேலே வந்து பூப்பது. பல மாதம் கழித்து மங்கியிருந்தால் ஆசிட் ஊற்றிக் கழுவினார்களா என்று கேட்க வேண்டும். சிமெண்டுக் கல்லை ஆசிட் அரித்துவிடும்.

ஆனால் எல்லாவற்றையும்விட உதவியது ஒற்றை வரி: 'கடைசியாகச் சொன்ன வாக்கு'. "வெள்ளிக்கிழமை லாரி ஏறும்" என்று சொல்லியிருந்தால், தேதியோடும் சொன்னவர் பெயரோடும் அது மேலே நிற்க வேண்டும். அதை நிரப்பாமல் டிக்கெட்டை (ஒரு கோரிக்கைக்கான பதிவை) மூட முடியாதபடி செய்தால்தான் அந்த வரி உயிரோடு இருக்கும். தொடக்கத்தில் வைத்திருந்த பிறந்தநாள், மொத்தக் கொள்முதல், 'கோபக்காரர்' போன்ற குறிப்புகள் எல்லாம் நீக்கப்பட்டன. யாரும் அவற்றைப் பார்க்கவில்லை. தவிர, 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், வாடிக்கையாளர் தன் தரவைக் கேட்கவும் திருத்தச் சொல்லவும் உரிமை சொல்லப்பட்டிருக்கிறது. அவர் முன்னால் படிக்கக் கூசும் குறிப்பை எழுதவே வேண்டாம்.

வாட்ஸ்அப் ஏபிஐ (நிறுவன மென்பொருளை வாட்ஸ்அப்போடு இணைக்கும் வழி) மூலம் பேசுவோருக்கு 24 மணி நேரக் கெடு உண்டு. வாடிக்கையாளரின் கடைசிச் செய்தியிலிருந்து அது கணக்கு. தாண்டினால் முன்னனுமதி பெற்ற டெம்ப்ளேட் (மாதிரிச் செய்தி) மட்டுமே போகும். மீதி நேரம் பலகையில் ஓட வேண்டும், பக்கத்திலேயே அவர் ஊர் நேரமும். சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். இரவு எட்டரைக்கு இங்கிருந்து அழைத்தால் அங்கே பதினொன்று.

பில்லிங் மென்பொருளிலிருந்து தரவு வராதபோது பாக்கிக் கட்டம் வெறுமையாக நின்றால், 'பாக்கி இல்லை' என்றே படிக்கிறார்கள். 'தகவல் வரவில்லை' என்ற எழுத்தும், கடைசியாகப் புதுப்பித்த நேரமும் அந்தக் கட்டத்துக்குள்ளேயே வர வேண்டும்.

இன்னும் தீராத குறை படங்களில். வாட்ஸ்அப்பில் வரும் உடைந்த கல்லின் படம் அனுப்பியவரின் உரையாடலில்தான் தங்குகிறது, வீட்டோடு சேர்வதில்லை. கொத்தனார் அனுப்பியதை வீட்டுக்காரர் அழைக்கும்போது தேட வேண்டியிருக்கிறது. இப்போதைக்கு ஒவ்வொரு படத்தையும் கையால்தான் வீட்டுப் பக்கத்துக்கு மாற்றுகிறார்கள்.