ஹேலோஆல்கேன் பாடத்துக்கு மூலக்கூறு மாதிரி செட்: வாங்கலாமா?

பந்தும் குச்சியுமாக வரும் கரிம வேதியியல் செட் ஒன்றை ஹேலோஆல்கேன் (கார்பன் சங்கிலியில் ஹாலஜன் ஏறியது), ஹேலோஅரீன் (பென்சீன் வளையத்தில் ஹாலஜன் ஏறியது) பாடத்துக்காகவே வாங்கினேன். கறுப்பு கார்பன், வெள்ளை ஹைட்ரஜன், ஹாலஜன் எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை. எடுத்ததுமே எரிச்சல் இதுதான். ஒரே கார்பனில் புளோரின், குளோரின், புரோமின் மூன்றையும் மாட்டினால் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும், அது நான்கு வெவ்வேறு தொகுதிகள் மாட்டிய சீர்மையற்ற கார்பன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் எஸ்என்2 வினைக்கு, அதாவது ஒரு தொகுதி பின்பக்கமிருந்து வந்து ஒட்ட அதே நேரத்தில் ஹாலஜன் கழலும் வினைக்கு, இது பிரமாதம். 2-புரோமோபியூட்டேனைக் கட்டி, பக்கத்திலேயே அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் கட்டிப் பாருங்கள், எப்படித் திருப்பினாலும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது. அப்புறம் புரோமினுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ஹைட்ராக்சைடை வைத்து, மற்ற மூன்று தொகுதிகளையும் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் சாய்த்தால், 1896-இல் பால் வால்டன் கண்ட தலைகீழாக்கம் கையிலேயே நடக்கிறது. செட்டில் ஐந்து துளையுள்ள பந்து ஒன்று கிடந்தது, பாஸ்பரசுக்காம். பழைய பிணைப்பு அறுந்துகொண்டும் புதியது உருவாகிக்கொண்டும் இருக்கும் இடைநிலையைக் காட்ட அதைக் கார்பனாக வைத்துக்கொண்டேன், கச்சிதமாக அமைந்தது. கூட வந்த குறிப்பில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

மூவிணைய பியூட்டைல் புரோமைடைக் கட்டிவிட்டுப் பின்பக்கத்திலிருந்து நடுக் கார்பனைத் தொட முயன்றால் மூன்று மெத்தில்களும் விரலை மறிக்கும். எஸ்என்2 ஏன் அங்கே எடுபடாது, ஏன் முதலில் புரோமின் கழன்று தட்டையான கார்பன் நேரயனி (நேர்மின்சுமை கொண்ட கார்பன்) வர வேண்டும் என்று அதற்கு மேல் விளக்கவே தேவையில்லை. ஆல்கஹாலில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் நடக்கும் நீக்க வினைக்கும் (ஹைட்ரஜனும் புரோமினும் கழன்று இரட்டைப் பிணைப்பு வருவது) குச்சியைச் சுழற்றி ஹைட்ரஜனையும் புரோமினையும் எதிரெதிராக நிறுத்திப் பார்க்கலாம், சரியாகவே இருக்கிறது.

ஹேலோஅரீனில்தான் செட் கையை விரிக்கிறது. குளோரோபென்சீனில் பின்பக்கத் தாக்குதலுக்கு வழியே இல்லை, வளையமே குறுக்கே நிற்கிறது, இது மட்டும் தெரியும். குளோரினின் தனி இரட்டை எலக்ட்ரான்கள் உடனிசைவில் (எலக்ட்ரான்கள் ஒரே இடத்தில் நில்லாமல் பரவுவது) வளையத்துக்குள் போவதும், அதனால் கார்பன்-குளோரின் பிணைப்பு குட்டையாகி இறுகுவதும் எல்லாக் குச்சியும் ஒரே நீளமாக இருக்கும் பெட்டியில் எப்படித் தெரியும்? குளோரோபென்சீனிலிருந்து ஃபீனால் எடுக்கக் காரத்தோடு 623 கெல்வின், 300 வளிமண்டல அழுத்தம் வரை போக வேண்டும். பாரா இடத்தில் (குளோரினுக்கு நேர் எதிரே) ஒரு நைட்ரோ இருந்தால் 443 கெல்வின் போதும், குளோரினை ஒட்டிய இரண்டு ஆர்த்தோவிலும் பாராவிலுமாக மூன்று நைட்ரோ இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரே போதும். ஆர்த்தோவுக்கும் பாராவுக்கும் நடுவிலுள்ள மெட்டாவில் வைத்த நைட்ரோவால் அப்படி ஒரு பலனும் இல்லை. பந்துகளை வைத்துப் பார்த்தால் மெட்டாவும் பாராவும் ஒன்றுபோலத்தான். இந்தப் பகுதிக்கு உடனிசைவு அமைப்புகளைத் தாளில் வரைந்துதான் ஆக வேண்டும்.

இரட்டைப் பிணைப்புக்கான வளையும் குச்சிகளும் ஒரு பென்சீன் வளையத்தோடு தீர்ந்துவிட்டன. பால் முல்லருக்கு 1948-இல் நோபல் வாங்கித் தந்த டிடிடி பூச்சிக்கொல்லியைக் கட்டலாம் என்ற என் ஆசை அதோடு போயிற்று, அதற்கு இரண்டு வளையம் வேண்டுமே.

வாங்குவதாக இருந்தால் ஹாலஜன்களுக்குத் தனித்தனி நிறம், ஐந்து துளைப் பந்து, வளையும் குச்சி குறைந்தது 12, இந்த மூன்றும் உள்ள செட்டாகப் பார்த்து வாங்குங்கள்.