நெல் மில்லுக்குள் சூப்பர்வைசர்: நாலு போகம் ஓட்டிப் பார்த்த கதை

பரந்தனுக்குப் பக்கத்தில் ஒரு நெல் மில்லில், கணக்குப்பிள்ளையின் மேசைக்குக் கீழே ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் மூன்று நிரல்கள் ஓயாமல் ஓட வேண்டும். ஒன்று லொறித் தராசிலிருந்து நிறையை வாசிக்கும், ஒன்று அதைக் கணக்கில் பதியும், மற்றது நெல் கொண்டுவந்தவரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். பெட்டி படுத்தால் கிளிநொச்சியில் இருந்து ஏ9 வீதியால் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு ஓடுவது நான். அந்த ஓட்டத்தைக் குறைத்தது, நிரல்களைக் காவல் காத்து விழுந்தால் திரும்ப எழுப்பும் சூப்பர்வைசர் என்ற மென்பொருள்.

முதலில் எல்லாவற்றையும் நானே எழுதிய ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்தான், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய ஒரு கோப்புத்தான், பார்த்துக்கொண்டது. நிரலை நோஹப் என்ற கட்டளை போட்டுப் பின்னணியில் தள்ளிவிடும், ஓடும் நிரலுக்குக் கணினி கொடுக்கும் செயல் எண்ணை ஒரு கோப்பில் எழுதி வைக்கும், அடுத்த முறை அந்த எண் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும். வேலை செய்தது, 2022 மார்ச் வரை. அந்த மாதம் இலங்கையில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. மாத முடிவில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம். காலபோக நெல் வந்து இறங்குகிற நேரம். யுபிஎஸ் பற்றரி கிழடு, கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் பெட்டியும் போய்விடும். கரண்ட் வந்ததும் என் ஸ்கிரிப்ட் எழும்பிப் பழைய கோப்பைப் பார்க்கும். எண் 612. 612 இருக்கிறதா? இருக்கிறது. சரி, எல்லாம் ஓடுகிறது என்று தானும் படுத்துவிடும். பெட்டி எழும்பும்போது எண்கள் ஏறக்குறைய ஒரே ஒழுங்கில்தான் பங்கிடப்படும், அந்த 612 இப்போது வேறு ஏதோ ஒரு நிரல். வீட்டு இலக்கத்தைப் பார்த்தேனே தவிர, குடியிருப்பது யார் என்று பார்க்கவில்லை.

"தம்பி, உந்தப் பெட்டி திரும்பப் படுத்திட்டுது. வெளியில ஏழு உழவு மெசின் நெல்லோட நிக்குது." முதலாளி இதை மூன்றாம் தரம் சொன்ன அன்றிரவு சூப்பர்வைசரை ஏற்றினேன். காசில்லை, பைதன் மொழியில் எழுதியது, டெபியன் லினக்ஸில் ஒரே கட்டளையில் ஏறிவிடும்.

இதன் பெரிய குணம், நிரல்களைத் தானே பெற்று வளர்ப்பது. தாய்ச் செயலே தொடக்குவதால் பிள்ளை செத்தால் இயங்குதளத்தின் கருவான கேர்னலே தாய்க்குச் சொல்லிவிடும். எண் எழுதிய கோப்பும் வேண்டாம், ஊகமும் வேண்டாம். ஆனால் நிரல் முன்னணியில் நிற்க வேண்டும். தானாகப் பின்னணிக்குப் போகிற நிரலைக் கொடுத்தால், பிள்ளை செத்துவிட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் பெறும்.

நிறுத்துவதில்தான் எனக்குச் சூடு பட்டது. தராசு நிரலை ஒரு சின்ன ஷெல் கோப்பு வழியாகத் தொடக்கியிருந்தேன். நிறுத்து என்றதும் சூப்பர்வைசர் 'முடித்துக்கொள்' என்னும் டேர்ம் சமிக்ஞை அனுப்பும், 10 விநாடி பொறுக்கும், அப்போதும் போகாவிட்டால் கட்டாயமாகக் கொல்லும் கில். ஆனால் அது போனது ஷெல்லுக்கு மட்டும். அதற்குள் ஓடிய பைதன் நிரல் அநாதையாகத் தராசுக் கேபிளைப் பிடித்துக்கொண்டு இருந்தது. புதிதாகத் தொடக்கியதும் இரண்டு பேர் ஒரே கேபிளில் வாசிக்க, எழுத்துகள் பாதி அங்கே பாதி இங்கே. 4,280 கிலோ நெல் 48 கிலோவாகப் பதிந்தது. அந்த ஐயாவின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியும் போய்விட்டது! ஷெல் கோப்பின் கடைசி வரிக்கு முன்னால் எக்ஸெக் என்று ஒரு சொல் போட்டேன், ஷெல்லின் இடத்தில் பைதனே வந்து உட்காரும், தீர்ந்தது. முழுக் குழுவையும் சேர்த்து நிறுத்தும் அமைப்பு சூப்பர்வைசரிலேயே இருக்கிறது, ஆனால் இயல்பாக அணைந்தே வரும். ஏன் அப்படி வைத்தார்களோ.

இன்னொரு குறை, சீக்கிரம் கைவிட்டுவிடும். தொடங்கிய ஒரு விநாடிக்குள் நிரல் விழுந்தால் மூன்று தரம் திரும்ப முயலும், பிறகு 'ஃபேட்டல்' என்று எழுதிவிட்டுச் சும்மா இருக்கும். கரண்ட் வந்து ரூட்டர் இணையம் பிடிக்கவே இங்கே இரண்டு மூன்று நிமிடம். குறுஞ்செய்தி நிரல் அதற்குள் மூன்று தரமும் செத்துவிடும். எண்ணிக்கையை 50 ஆக்கினேன். பதிவுக் கோப்புகளையும் குறையுங்கள்: ஒரு கோப்பு 50 மெகாபைட், பழையது 10 என்று வரும், எஸ்டி கார்ட் பாவம். அமைப்பை மாற்றிவிட்டு 'ரீஸ்டார்ட்' அடித்தால் மாறாது, 'அப்டேட்' அடிக்க வேண்டும். இதற்கே ஒரு முழுப் பின்னேரம் போனது.

இதே காவல் வேலையைச் செய்கிற சிஸ்டம்டி பெட்டியிலேயே இருக்க இது எதற்கு என்று கேட்பீர்கள். நியாயம். அநாதைப் பிள்ளைப் பிரச்சினை அதில் வந்தே இராது, சீகுரூப் என்ற ஒரே கூட்டில் எல்லாரையும் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும். நான் இதிலேயே நின்றதற்குக் காரணம் கணக்குப்பிள்ளை. 9001 போர்ட்டில் ஒரு வலைப்பக்கம் திறந்து கடவுச்சொல்லும் போட்டுக் கொடுத்தேன். நிரலுக்கு ஒன்றாக மூன்று வரி, ஓடுகிறதற்கு 'ரீஸ்டார்ட்' பொத்தான், நின்றுபோனதற்கு 'ஸ்டார்ட்' பொத்தான். "அண்ணை, நடுவில உள்ளது சிவப்பாக் கிடக்கு, அமத்தட்டா?" என்று கேட்டுவிட்டு அவரே அமத்துவார். என் பெற்றோல் மிச்சம்.

ஆனால் பச்சை எரிந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தமில்லை. போன சிறுபோகத்தில் தராசுக் கேபிளை எலி கடித்துவிட்டது. நிரல் உயிரோடு, நிறை வரவில்லை, பக்கத்தில் பச்சை. இப்போது தராசு நிரல் நிறை வாசிக்கும்போதெல்லாம் ஒரு கோப்பைத் தொட்டுவிட்டுப் போகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு ஸ்கிரிப்ட் அந்தக் கோப்பின் வயதைப் பார்க்கும். பழசாகியிருந்தால் சூப்பர்வைசரிடம் சொல்லித் திரும்பத் தொடக்கும், அதற்கும் அசையாவிட்டால் எனக்குக் குறுஞ்செய்தி. இதைச் சூப்பர்வைசர் தானாகச் செய்யாது, நீங்கள்தான் எழுத வேண்டும்.

மில்லில் இப்போது ஒரு பூனையும் நிற்கிறது. அது முதலாளியின் ஏற்பாடு.