நெஞ்செரிச்சலுக்கு ஆபரேஷனா? மேனோமெட்ரி பார்க்காமல் சம்மதிக்காதீர்கள்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் அக்காவுக்கு நெஞ்செரிச்சலுக்காக அறுவை சிகிச்சை செய்தார்கள். ஆனால் அக்காவுக்கு இருந்தது அமிலம் மேலே வரும் அந்த நோயே இல்லை. ஆபரேஷன் முடிந்து, இட்லியைக்கூட முழுங்க முடியாமல் உடம்பு பாதியாக இளைத்த பிறகுதான் இது தெரியவந்தது. உணவுக்குழாய்க்குள் அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரி சோதனையை முன்பே பார்த்திருந்தால் தப்பித்திருப்போம். இன்னொரு குடும்பம் இதில் மாட்டக்கூடாது.

அக்கா உசிலம்பட்டிப் பக்கம். ரொம்ப நாளாக நெஞ்சு எரியும், புளித்த தண்ணீர் வாய்க்கு எதுக்களிக்கும், ராத்திரி படுத்தால் இருமல். இதோடு, சோறு நெஞ்சுக்குள்ளேயே நின்றுகொள்ளும். தண்ணீர் குடித்தால்தான் இறங்கும். இதையும் சேர்த்துத்தான் டாக்டரிடம் சொன்னாள், நான் பக்கத்தில் இருந்தேன். எண்டோஸ்கோப்பி மட்டும் எடுத்தார்கள். "வால்வு லூசா இருக்கும்மா. மாத்திரைன்னா ஆயுசு பூரா போடணும், ஆபரேஷன் பண்ணிட்டா அதோட தீர்ந்துரும்" என்றார். வால்வு என்று அவர் சொன்னது, உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் இருக்கும் தசையை. அதே வாரத்தில் தேதி குறித்தார்கள். பேக்கேஜ் தொகையை விளக்க ஒருவர் வந்து உட்கார்ந்து பொறுமையாகப் பேசினார். ஆபரேஷனை விளக்க யாரும் வரவில்லை. சம்மதப் படிவம் முழுக்க ஆங்கிலம்; கையெழுத்து போட வேண்டிய இடத்தை மட்டும் விரலால் காட்டினார்கள்.

இரைப்பையின் மேல்பகுதியை எடுத்து, உணவுக்குழாயின் அடிப்பக்கத்தைச் சுற்றி மடித்துத் தைப்பதுதான் இந்த ஆபரேஷன். ஃபண்டோப்ளிகேஷன் என்பார்கள். ருடால்ஃப் நிசென் என்ற அறுவை மருத்துவர் 1956இல் வெளியிட்ட முறை. இப்போது வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்கிறார்கள். முழுச் சுற்றாகவும் தைக்கலாம், முக்கால் சுற்றாகவும் தைக்கலாம். தளர்ந்துபோன வால்வு இறுகி, அமிலம் மேலே வராது. சரி, வால்வு தளர்ந்திருந்தால் இது பொருந்தும். அக்காவுக்கு இருந்தது அகலேசியா. அதில் சாப்பாடு வரும்போது வால்வு திறக்கவே திறக்காது, உணவுக்குழாயும் ஒழுங்காகக் கீழே தள்ளாது. சாப்பிட்டது உள்ளேயே தேங்கிப் புளித்து எரியும், எதுக்களிக்கும். பார்த்தால் அசல் அமில நோய் மாதிரியே இருக்கும். திறக்காத கதவுக்கு வெளியே ஒரு தாழ்ப்பாளும் போட்டதுபோல் ஆகிவிட்டது இந்தத் தையல்.

இதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் சோதனைதான் மேனோமெட்ரி. மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் முழுங்கச் சொல்லி, உள்ளே அழுத்தம் எப்படி இருக்கிறது என்று அளப்பார்கள். மயக்க மருந்து வேண்டாம். கொஞ்ச நேரம் குமட்டும், அவ்வளவுதான். ஆரம்ப கட்ட அகலேசியா எண்டோஸ்கோப்பியில் தப்பிவிடலாம். அதனால் எதுக்களிப்புக்கு ஆபரேஷன் என்றால், அதற்கு முன் மேனோமெட்ரி கட்டாயம். இன்னொன்று 24 மணி நேர பி.ஹெச். சோதனை. உணவுக்குழாய்க்கு அமிலம் எவ்வளவு நேரம் வருகிறது என்று பதிவு செய்யும். மொத்த நேரத்தில் 4 சதவீதத்துக்குக் கீழே என்றால் இயல்பு, 6 சதவீதத்துக்கு மேலே என்றால் நோய் உறுதி. எண்டோஸ்கோப்பியிலேயே கடுமையான புண் தெரிந்தால் இது தேவைப்படாமல் போகலாம். அக்காவுக்குப் புண்ணே இல்லை. அப்படியும் இரண்டில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு திரும்பத் திரும்பப் போய் நின்றோம். "வீக்கம்தான், போகப் போகச் சரியாயிரும்" என்றார்கள். முதல் சில வாரம் முழுங்கச் சிரமம் இருப்பது உண்மைதான். அதனால்தான் கஞ்சி, குழைந்த சோறு என்று கொடுப்பார்கள். ஆனால் நாளுக்கு நாள் மோசமாகி, எடையும் இறங்கினால் அது வீக்கம் இல்லை. கடைசியில் "மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று அக்காவையே குற்றம் சொன்னார்கள். எனக்கு இன்றும் ஆறவில்லை. வேறு ஊரில், எக்ஸ்ரேயில் உணவுக்குழாய் தெளிவாகத் தெரிவதற்காகப் பேரியம் என்ற திரவத்தைக் குடிக்கவைத்துப் படம் எடுத்து, மேனோமெட்ரியும் பார்த்து நோயைக் கண்டுபிடித்தார்கள். தைத்ததைப் பிரித்து, இறுகிய தசையைக் கீறிவிட மறுபடி ஒரு ஆபரேஷன். நகையெல்லாம் அடகுக்குப் போனது. இப்போது மெதுவாகச் சாப்பிடுகிறாள்.

இந்த ஆபரேஷனே மோசம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. மாத்திரைக்கு அடங்காத நெஞ்செரிச்சல் என்று வந்தவர்கள் 366 பேர். மாத்திரையைச் சரியான முறையில் போடவைத்ததிலேயே 42 பேருக்குக் குறைந்துவிட்டது. 99 பேருக்கு எரிச்சலுக்குக் காரணம் அமிலமே இல்லை. எல்லாச் சோதனையும் தாண்டி ஆய்வின் சிகிச்சைக் கட்டத்துக்குப் போனவர்கள் 78 பேர்தான். அவர்களில் ஆபரேஷன் செய்தவர்களில் 67 சதவீதம் பேருக்குப் பலன். கூடுதல் மருந்து கொடுத்துப் பார்த்தவர்களில் 28 சதவீதம். சோதித்துப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுத்தால் நல்ல சிகிச்சை. அந்தத் தேர்வைத்தான் எங்களுக்குச் செய்யவில்லை.

மாத்திரை விஷயமும் அப்படித்தான். அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல், பாண்டாப்ரசோல் வகையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். நம் பக்கம் பரோட்டா சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது போடுகிறவர்கள் நிறைய. ஆபரேஷன் செய்தால் மாத்திரைக்கே வேலையில்லை என்பதையும் நம்பாதீர்கள். சுவீடனில் ஆபரேஷன் செய்துகொண்ட 2,655 பேரைத் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியிட்டார்கள், 17.7 சதவீதம் பேருக்கு நோய் திரும்ப வந்திருந்தது. அப்புறம், தையல் இறுக்கமானால் ஏப்பம் விடவோ வாந்தி எடுக்கவோ முடியாமல் போகலாம், வயிறு உப்பும். கையெழுத்துக்கு முன்பு இதைச் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை.

அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். இது நாளைக்கே செய்தாக வேண்டிய ஆபரேஷன் இல்லை. நம் பெரியாஸ்பத்திரியில் குடல் இரைப்பைப் பிரிவில் காட்டி இன்னொரு கருத்து கேளுங்கள். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் விதி. எங்களுக்கு டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் கொடுத்து அனுப்பப் பார்த்தார்கள். எழுத்தில் மனு கொடுத்து, முத்திரை போட்ட நகல் வாங்கிய பிறகுதான் முழு ஃபைலும் வந்தது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், அதற்கும் இந்தக் காகிதங்கள்தான் ஆதாரம். எண்டோஸ்கோப்பி படம், ரிப்போர்ட், ஆபரேஷன் குறிப்பு மூன்றையும் கேட்டு வாங்குங்கள். அடுத்துப் பார்க்கிற டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.