பழுதுபார்த்த நீர்புகாக் கேமராவைப் ‘புதியது’ என்று விற்றார்கள்: மழையில் மலைக்குப் போகிறவர்கள் கவனத்திற்கு

தண்ணீர் புகாது, கீழே விழுந்தாலும் உடையாது என்று விளம்பரப்படுத்தப்படும் கேமராக்களை மலைப்பயணத்துக்காக வாங்க நினைப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். மே மாதக் கடைசியில் சென்னையில் ஒரு கடையில் 34,500 ரூபாய் கொடுத்து அப்படி ஒரு கேமரா வாங்கினேன். ஜூலை இரண்டாம் வாரத்தில், வால்பாறையில் நனைந்த முதல் நாளே அது செத்துப்போனது. ஏற்கெனவே ஒருமுறை பிரித்துப் பழுதுபார்க்கப்பட்ட கேமராவை வேறு பெட்டியில் அடைத்துப் புதியது என்று என்னிடம் விற்றிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. தயாரித்த நிறுவனத்தின் மீது தவறில்லை என்பதால் அதன் பெயரை எழுதவில்லை. கடையின் மீது புகார் கொடுத்திருப்பதால் அதன் பெயரையும் இங்கே சொல்லவில்லை.

நான் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியர். ஒவ்வோர் ஆண்டும் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் விடுமுறை நாள்களில் ஆனைமலைக்குப் போய்த் தவளைகளையும் பாசிகளையும் பெரணிகளையும் படம் எடுத்து மாணவர்களுக்குக் காட்டுவது வழக்கம். பறக்கும் தவளைகள் தண்ணீருக்கு மேலே தொங்கும் இலைகளில் நுரையால் கூடு அமைத்து முட்டையிடுகின்றன. சில நாள்களில் நுரை இளகி, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே உள்ள தண்ணீரில் சொட்டுகின்றன. அதைப் பார்க்க வேண்டுமானால் அடைமழையில்தான் நிற்க வேண்டும். என்னுடைய பழைய கேமராவைக் குடைக்குள்ளும் பாலித்தீன் பைக்குள்ளும் வைத்துப் பல ஆண்டுகள் காப்பாற்றினேன். இனி முடியாது என்ற நிலையில்தான் மழைக்கென்றே ஒன்று வாங்க முடிவு செய்தேன்.

லென்ஸ் மாற்றும் பெரிய கேமராக்களில் ‘வெதர் சீல்டு’ என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் தூறலையும் தூசியையும் தாங்குபவை மட்டுமே. அதுவும் மாட்டியிருக்கும் லென்ஸுக்கும் அதே காப்பு இருந்தால்தான். ஓடைக்குள் கை விட்டுப் படம் எடுக்கக் கையடக்க வகைதான் சரி. அந்த வகையில் 2017இல் வந்த நிக்கான் டபிள்யூ300 முப்பது மீட்டர் ஆழம் வரைக்கும், 2019இல் வந்த ரிக்கோ டபிள்யூஜி-6 இருபது மீட்டர் வரைக்கும், அதே ஆண்டு வந்த ஒலிம்பஸ் டிஜி-6 பதினைந்து மீட்டர் வரைக்கும் தாங்கும் என்று அவற்றைத் தயாரித்தவர்கள் அறிவித்தார்கள். ஆனால் கைப்பேசிகள் வந்த பிறகு இந்த வகையில் புதிய மாடல்கள் வருவது மிகவும் குறைந்துவிட்டது. கேட்ட மாடல் எளிதில் கிடைக்காது, கிடைக்கும் ஓரிரண்டுக்கும் போட்டி இருக்கும். பழையதைப் புதியதாக்கி விற்பவர்களுக்கு இதைவிட வசதியான சந்தை வேறில்லை.

கடைக்காரர் மிகவும் மரியாதையாகவே பேசினார். “சார், இது கடைசி பீஸ். பில் போட்டால் பதினெட்டு சதவீதம் ஜிஎஸ்டி கூடும். எஸ்டிமேட் போதுமென்றால் இந்த விலைக்கே எடுத்துக்கொள்ளுங்கள், வாரண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். ஆறாயிரம் ரூபாய் மிச்சம் என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். நான் செய்த மிகப் பெரிய தவறு அதுதான். பெட்டியின் மேல் நிறுவனத்தின் முத்திரை ஒட்டு இல்லை, சாதாரண செல்லோடேப் ஒட்டியிருந்தது. இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரிக்கப்பட்ட மாதம், அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை அச்சிட்ட ஒட்டு எங்கேயும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே விற்கப்படும் பொட்டலப் பொருள் எதுவானாலும் இந்த விவரங்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். வீட்டுக்கு வந்து புத்தம் புதிய மெமரி கார்டைப் போட்டு எடுத்த முதல் படத்தின் எண் 0001 ஆக இல்லாமல் ஆயிரத்தைத் தாண்டி இருந்தது. தொலைபேசியில் கேட்டபோது, “கடையில் டெமோ காட்டியிருப்பார்கள் சார்” என்றார். ஆயிரம் படம் எடுத்தா டெமோ காட்டுவார்கள் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

வால்பாறையில் அன்று காலையிலிருந்து மழை விடவில்லை. ஒரு சிற்றோடையின் மேல் சாய்ந்த கிளையில், கண் மட்டத்தில், கைப்பிடி அளவு நுரைக்கூடு ஒன்று தொங்கியது. ஏறத்தாழ நாற்பது படங்கள் எடுத்திருப்பேன். காலில் ஏறிய அட்டையை எடுக்கக் குனிந்தபோது கேமராவில் சேறு பட்டது, அதை ஓடைத் தண்ணீரில் ஒருமுறை அலசினேன். பதினைந்து மீட்டர் ஆழம் தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருந்த கேமரா அப்போது ஒரு சாண் தண்ணீரில்கூட மூழ்கவில்லை. பத்து நிமிடத்தில் லென்ஸின் உட்புறம் பனி படர்ந்தது. பிறகு கேமராவைச் சாய்த்தபோது, திரைக்குப் பின்னால் ஒரு துளி, கொத்தனாரின் ரசமட்டத்தில் குமிழி ஓடுவது போல, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்கு மெதுவாக நகர்ந்தது. உடனே பேட்டரியைக் கழற்றினேன். அதன் பிறகு அது உயிர் பெறவில்லை. கார்டில் இருந்த நாற்பது படங்கள் தப்பின. தலைப்பிரட்டைகள் விழுவதைப் படம் எடுக்க மட்டும் கேமரா இல்லை. அடுத்த வாய்ப்புக்கு ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும்.

கோவையில் பல ஆண்டுகளாகக் கேமரா பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் அதைத் திறக்க மறுத்துவிட்டார். “இப்போது நான் திறந்தால், நாளைக்கு நீங்கள்தான் திறந்து கெடுத்தீர்கள் என்பார்கள். மூடியபடியே வைத்திருங்கள், தம்பி” என்று சொல்லிவிட்டு, கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு வெளியிலிருந்தே ஒவ்வொன்றாகக் காட்டினார். அடிப்பக்கத் திருகுகள் நான்கில் மூன்றின் தலையில் பூச்சு உரிந்து பித்தளை நிறம் தெரிந்தது. ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய கீறல் ஒன்று பக்கத்துப் பிளாஸ்டிக் வரை இழுத்திருந்தது. இரண்டு பாதிகள் சேரும் விளிம்பில், நகத்தால் சுரண்டினால் மெழுகு போல வரும் வெள்ளைப் பசை பூசியிருந்தது. பேட்டரிக் கதவின் ரப்பர் விளிம்பில் ஒரு முடி சிக்கியிருந்தது. அது பழைய முடி என்றும், ரப்பரில் அதன் தடம் பதிந்துவிட்டது என்றும் சொன்னார். கடைசியாக, நான் எடுத்த படம் ஒன்றைக் கணினியில் திறந்து, கேமரா தானாகவே கோப்புக்குள் எழுதிவைக்கும் விவரங்களைப் பார்த்தோம். அதில் இருந்த வரிசை எண் வேறு, கேமராவின் அடியிலும் பெட்டியிலும் ஒட்டியிருந்த எண் வேறு.

நீர் புகாமை என்பது கேமராவோடு பிறந்து அதோடு கூடவே இருக்கும் குணம் இல்லை. உடலின் இணைப்புகளிலும் பட்டன்களிலும் கதவுகளிலும் உள்ள மெல்லிய ரப்பர் வளையங்கள் ஒழுங்காக அழுந்தியிருக்கும் வரைக்கும்தான் அது உண்டு. எவ்வளவு தண்ணீரைத் தாங்கும் என்பதைக் காட்டும் தரக் குறியீடுகளில், ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் முப்பது நிமிடம் தாங்க வேண்டும், ஐபிஎக்ஸ்8 என்றால் அதைவிடக் கடுமையாகத் தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்குத் தாங்க வேண்டும் என்பதெல்லாம் புதிய கருவியை அசையாத நன்னீரில் வைத்துச் செய்யும் சோதனையின் முடிவுகள். பாறையில் ஒருமுறை பலமாக மோதிய பிறகு அந்த உறுதி இருக்காது என்று தயாரிப்பாளர்களே கையேட்டில் எழுதுகிறார்கள். கேமராவைப் பயன்படுத்தினாலும் சும்மா வைத்திருந்தாலும் ரப்பரை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்பவர்களும் உண்டு. உடலை ஒருமுறை பிரித்துவிட்டால் புதிய வளையம் போட்டு, காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தால்தான் பழைய நிலை திரும்பும். அந்த வசதி அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையங்களுக்கு வெளியே கிடைப்பது அரிது. தெருக்கடையில் பசை பூசி மூடிய கேமரா பார்வைக்குப் புதியதாக இருக்கும், படமும் நன்றாகவே எடுக்கும், தண்ணீரை மட்டும் தாங்காது.

கடைக்குப் போனபோது எஸ்டிமேட் சீட்டின் அடியில் இருந்த ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற வரியைக் காட்டினார்கள். தண்ணீர் புகுந்தால் வாரண்டி கிடையாது என்றார்கள். தண்ணீர் புகாது என்று சொல்லித்தானே விற்றீர்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. வரிசை எண் விஷயத்தைச் சொன்னதும், இது எங்கள் கடையில் வாங்கியதே இல்லை என்று மாறினார்கள். நல்லவேளையாக நான் யுபிஐயில் பணம் அனுப்பியிருந்தேன். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் என் கையில் ஓர் ஆதாரமும் இருந்திருக்காது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, புதுப்பிக்கப்பட்ட அல்லது பழைய பொருளைப் புதியது என்று சொல்லி விற்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. ரசீது தர மறுப்பதும் அதே பட்டியலில் வருகிறது. குறையுள்ள பொருளைச் சீட்டில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படி எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. நான் மே மாதத்தில் வாங்கி ஜூலையில் நனைத்ததால் அந்த முப்பது நாள் கடந்துவிட்டது. ஆகவே நீர்புகாக் கேமரா வாங்குகிறவர்கள் மழைக்காலம் வரட்டும் என்று அலமாரியில் வைத்திருக்காமல், வாங்கிய வாரத்திலேயே, பேட்டரியையும் கார்டையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மெல்லிய காகிதத்தை மடித்து வைத்துக் கதவைப் பூட்டி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கவிட்டுப் பார்த்துவிடுங்கள். காகிதம் நனைந்தாலும், லென்ஸின் உள்ளே மூட்டம் தெரிந்தாலும் அன்றே எழுத்து மூலமாகக் கடைக்குத் தெரிவித்துவிடலாம். இதை முழுவதும் கைப்பேசியில் காணொளியாக எடுத்து வைத்திருங்கள். கடையிலேயே முதல் படத்தை எடுத்து, படத்தின் எண்ணையும் திருகுகளின் தலையையும் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஜிஎஸ்டி பில்லில் வரிசை எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் புகார் செய்தேன். கடை பதில் சொல்லவில்லை. சென்னையில் வாங்கியிருந்தாலும் நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்று இந்தச் சட்டம் வழி செய்திருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. அதனால் கோவையில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். தேவைப்பட்டால் ஆணையம் கேமராவை ஆய்வுக்கு அனுப்பும் என்பதால், பெரியவர் சொன்னபடியே யாரையும் திறக்கவிடாமல் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். திரைக்குப் பின்னால் ஓடிய அந்தத் துளி இப்போது காய்ந்து, ஓரத்தில் வெள்ளைத் தடமாக நிற்கிறது.