விலை குறைந்த அந்த டாக்குமென்டரி பேக்: எடுக்கலாமா?

உலகப் போர் டாக்குமென்டரிகள் ஓடும் சேனல் பேக்கின் விலையைக் குறைத்துவிட்டார்கள். "எடுக்கலாமா மச்சான்? நீதான் வருஷக்கணக்கா பார்க்கிறியே" என்று தண்டையார்பேட்டை நண்பன் கேட்கிறான். சேனல் பெயர் வேண்டாம். தமிழ் டப்பிங், எச்டி எல்லாம் அவனுக்கே தெரியும்.

எனக்கு ஆகாதது ஒன்றுதான். குரல் ஒரு வருஷத்தைச் சொல்லும், படம் வேறொரு வருஷத்தைக் காட்டும். 1940-இல் பிரான்ஸ் விழுகிறது என்பார்கள். திரையில் ஜெர்மன்காரர்களின் டைகர் டாங்கி உருண்டு வரும். அது போர்முனைக்கு வந்ததே 1942-இல்தான். ஜப்பான் தாக்கிய அமெரிக்கக் கடற்படைத் தளம் பேர்ல் ஹார்பர் என்றால், தாக்குதல் முடிந்த பிறகு படத்துக்காக நடித்து எடுத்த காட்சிகளும் அசலோடு கலந்து ஓடும். போலந்து குதிரைவீரர்கள் டாங்கிகள் மேல் பாய்ந்த கதையையும் விடமாட்டார்கள். 1939 செப்டம்பர் 1 அன்று அவர்கள் பாய்ந்தது ஜெர்மன் காலாட்படை மீது. கவச வண்டிகள் பிறகுதான் வந்து சுட்டன.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். முதல் உலகப் போரில் மெட்ராஸ் மேல் குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் பற்றிய எபிசோடு வந்ததே, அன்றைக்குத்தான் ரிமோட் உடையப் பார்த்தது. ராயபுரத்தில் உட்கார்ந்துகொண்டு, 1914-இன் மெட்ராஸ் துறைமுகம் என்று கேட்வே ஆஃப் இந்தியாவைப் பார்க்க வேண்டுமாம்! அது பம்பாய். அதுவும் திறந்தது 1924-இல். நகரமே தரைமட்டம் என்று வேறு ஒரு போடு. செப்டம்பர் 22 இரவு அந்தக் கப்பல் இங்கே அரை மணி நேரம்கூட நின்று சுடவில்லை. சுமார் 130 குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகள் எரிந்தன, சிலர் செத்தார்கள். பயத்தில்தான் ஜனம் ஊரைவிட்டு ஓடியது. ஹைகோர்ட் மதிலில் கல்வெட்டே இருக்கிறது. கேமராவோடு ஒரு ஆளை அனுப்ப முடியாதா?

சரி, நல்லதையும் சொல்லிவிடுகிறேன். மேப் போட்டு விளக்கும் இடங்களில் இவர்களை அடிக்க ஆளில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் தளபதி ரோம்மெல் எகிப்தில் ஏன் திணறினார் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது: லிபியாவின் டிரிப்போலி துறைமுகத்திலிருந்து எகிப்துப் போர்முனையான எல் அலமைன் 2,000 கிலோமீட்டருக்கு மேல், பெட்ரோல் கொண்டுபோகும் லாரிகளே ஏகப்பட்ட பெட்ரோலைக் குடித்துவிடும். துறைமுகத்துப் பக்கம் வளர்ந்தவனுக்கு இதைவிட ருசியான பாடம் உண்டா? அந்த டப்பிங் குரலும் அருமை. ஆனால் அதே எபிசோடில் எல் அலமைனில் ரோம்மெலை எதிர்த்து நின்ற நான்காவது இந்திய டிவிஷன் என்ற படைப்பிரிவு பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

இப்போதெல்லாம் டிவிக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டு காதால் கேட்கிறேன், மேப் வந்தால் மட்டும் திரும்புவேன். அடுத்த மாசத்துக்கும் ரீசார்ஜ் போட்டாயிற்று. நண்பனுக்கு என் பதில்: பாதி விலைக்குத் தந்தாலும் எடுக்காதே.