அரிய நூலை விற்க ஏலமா, வணிகரா, இணையமா?

கையில் இருக்கும் பழைய நூல் அரியது என்று உறுதியானபின், அதை விற்க நினைப்பவர் ஏலத்துக்கு அனுப்பலாம், பழைய நூல் வணிகரிடம் கொடுக்கலாம், அல்லது இணையத்தில் தாமே விலை போட்டு விற்கலாம். எந்த வழியில் பணம் அதிகம் கிடைக்கும் என்றே பலரும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்த நூலுக்குச் சரியான விலையை யாரால் சொல்ல முடியும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். அது தெரிந்தால் வழியும் தெரிந்துவிடும்.

யாராலும் விலை சொல்ல முடியாத நூலுக்கு ஏலம் பொருந்தும். 1640இல் மாசசூசெட்ஸில் அச்சான 'பே சாம் புக்' என்ற, பைபிளின் சங்கீதப் பாடல்கள் கொண்ட நூலுக்கு இன்று 11 பிரதிகளே இருப்பதாக அறியப்படுகிறது. 1947இல் ஒரு பிரதி 1,51,000 டாலருக்கு ஏலம் போனது. அடுத்த பிரதி ஏலத்துக்கு வந்தது 2013இல்தான். 66 ஆண்டுகளாக ஏலத்துக்கே வராத ஒன்றுக்கு எந்த வணிகர் துணிந்து விலை சொல்வார்? அதை விரும்பும் சிலரை ஒரே நேரத்தில் போட்டியிடவைத்துத்தான் விலையைக் கண்டறிய முடியும்.

ஆனால் 2013 ஏலத்தின் கணக்கையும் பார்க்க வேண்டும். ஏலத்தை நடத்திய சோதபிஸ் நிறுவனம் போட்டிருந்த முன்மதிப்பீடு 1.5 கோடி முதல் 3 கோடி டாலர். ஏலக் கேள்வி நின்றது 1.25 கோடியில். வாங்கியவர் செலுத்தியது 1,41,65,000 டாலர். இடையில் உள்ள 16,65,000 டாலர், வாங்குபவரிடம் ஏல நிறுவனம் பெற்ற கட்டணம். வாங்குபவர் இந்தக் கட்டணத்தையும் மனத்தில் கூட்டிக்கொண்டே விலை கேட்கிறார் என்பதால், அது மறைமுகமாக விற்பவரின் பணத்திலிருந்தும் போகிறது. பெரும்பாலும் விற்பவரும் தனியே ஒரு கமிஷன் தர வேண்டியிருக்கும். இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, அடிவிலையை (இதற்குக் கீழே விற்பதில்லை என்று முன்பே வைத்த விலையை) எட்டாமல் திரும்பிவரும் நூலின் நிலைதான். ஏல முடிவுகள் எல்லோரும் பார்க்கக்கூடிய பதிவாக நிற்பதால், விலைபோகாத நூலை வணிகர்களும் சேகரிப்பாளர்களும் சில ஆண்டுகளுக்குத் தயக்கத்துடனேயே அணுகுவார்கள்.

வணிகர் உடனே பணம் தருவார். ஆனால் தாம் விற்க எண்ணும் விலையில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோதான் தருவார். இதை ஏமாற்று என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. நூல் விற்க மாதங்களும் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். அதுவரை அவருடைய முதல் முடங்கிக் கிடக்கும். பக்கம் பக்கமாகச் சரிபார்த்து, நூல் அசலானது என்பதற்கு அவர் பொறுப்பும் ஏற்கிறார்.

அந்தச் சரிபார்ப்பு எப்படிப்பட்டது என்பதற்கு, 1997இல் இங்கிலாந்தில் வெளியான முதல் ஹாரி பாட்டர் நூலை எடுத்துக்கொள்ளலாம். கெட்டி அட்டையில் முதல் முறை அச்சானவை 500 பிரதிகள். அவற்றில் பெரும்பகுதி நூலகங்களுக்குச் சென்றது. விவரம் அறிந்த வணிகர், பதிப்புரிமைப் பக்கத்தில், எத்தனையாவது அச்சு என்பதைக் காட்டும் எண் வரிசை 10இல் தொடங்கி 1 வரை இறங்குகிறதா என்று பார்ப்பார். பின்னர் 53ஆம் பக்கத்தைத் திருப்பி, பள்ளிப் பொருள்களின் பட்டியலில் மந்திரக்கோல் இரண்டு முறை அச்சாகியிருக்கிறதா என்று தேடுவார். அதன்பிறகே நூலக முத்திரை, பிரித்து ஒட்டிய கட்டு, பழுப்புப் புள்ளிகள் ஆகியவற்றைக் கவனித்து விலைக்கு வருவார். விலை ஓரளவு நிலைபெற்றுவிட்ட இத்தகைய நூல்களுக்கு வணிகரே ஏற்றவர். காத்திருக்க முடிந்தவர் நூலை உடனே விற்றுவிடாமல், விற்ற பின் பங்கு பிரிக்கும் ஒப்பந்தத்தில் அவரிடம் ஒப்படைக்கலாம். கையில் கிடைக்கும் தொகை பெரும்பாலும் கூடும். ஒப்பந்தத்தில் கால வரம்பும், எந்த விலைக்குக் கீழே விற்கக்கூடாது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இணையத்தில் இடைத்தரகு குறைவு. ஆனால் பொறுப்பு முழுவதும் நம்முடையது. படங்கள் நிறைந்த ஒரு பயண நூலை நான் ஒருமுறை 'முழுமையான பிரதி' என்று எழுதி விற்றேன். வாங்கியவர் படப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பட்டியலில் 24, நூலில் 23. மடித்து வைத்திருந்த வரைபடம் கத்தரிக்கப்பட்டு, தையலோரம் விரலகலக் காகிதம் மட்டும் நின்றிருந்தது. பணத்தையும் அஞ்சல் செலவையும் திருப்பித் தந்தேன். விலை போடுவதிலும் இதே அளவு கவனம் தேவை: இணையத்தில் தெரிவது பெரும்பாலும் கேட்கும் விலை. பத்துப் பேர் உயர்ந்த விலை போட்டிருந்தால், அந்த விலைக்கு இன்னும் விற்காத பிரதிகள் பத்து இருக்கின்றன என்றுதான் பொருள். பழைய ஏலப் பதிவுகளில் உள்ள விற்ற விலையோடு, அந்தப் பிரதியின் நிலையையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். நடுத்தர விலையுள்ள, எளிதில் விவரிக்கக்கூடிய நூல்களுக்கு மட்டுமே இந்த வழியை நான் பரிந்துரைப்பேன்.

எந்த வழியில் போனாலும் நூலைத் துடைக்கவோ, கிழிசலுக்கு நாடா ஒட்டவோ, தனியே கிடக்கும் மேலுறையை வீசவோ கூடாது. ஒரே துறையில் தேர்ந்த வணிகர்கள் இருவரிடம் தனித்தனியே காட்டுங்கள். இருவர் சொல்லும் தொகையும் அருகருகே இருந்தால் அவர்களில் ஒருவரிடமே கொடுத்துவிடலாம். ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபட்டால், நூலை ஏலத்துக்கு அனுப்புங்கள்.