விஎஃப்டி மோட்டார் அதிர்வுலேர்ந்து கரண்ட்: ஒத்தை பீமா, பல பீமா, மேக்னெட்டா?

விஎஃப்டில (சப்ளை ஃப்ரீக்வன்சியை மாத்தி ஸ்பீடை ஏத்தி இறக்கற டிரைவ்) ஓடற பம்ப் மோட்டார் மேல ஒட்டுற வயர்லெஸ் சென்சாருக்கு, அந்த மோட்டாரோட அதிர்வுலேர்ந்தே கரண்ட் எடுக்கலாம்னு இறங்குனா மூணு வழி இருக்கு: ஒரே ஒரு பீசோ பீம் (வளைஞ்சா கரண்ட் தர்ற செராமிக் ஒட்டின பட்டை), வேற வேற ஃப்ரீக்வன்சிக்கு ட்யூன் பண்ணி அடுக்கின பல பீம், இல்ல மேக்னெட் வச்ச பைஸ்டேபிள் (ரெண்டு நிலைல தங்கக்கூடிய பீம்). நான் போட்டிருக்கறது ரெண்டாவது, அதனால அந்தப் பக்கம் கொஞ்சம் சாஞ்சுதான் எழுதுவேன்.

ஒத்தை பீம் சிம்பிள், செலவு கம்மி, ட்யூன் ஆன இடத்துல மத்த ரெண்டும் கிட்டவே வர முடியாது. ஆனா அந்த இடம் ரொம்பக் குறுகல். 4 போல் (காந்த முனை) மோட்டார் 50 ஹெர்ட்ஸ் சப்ளைல, லோடுல 1440 ஆர்பிஎம் ஓடுதுன்னா அது 24 ஹெர்ட்ஸ். பீமோட க்யூ (ட்யூன் எவ்ளோ கூர்மைங்கற அளவு) 50னா பேண்ட்விட்த் அரை ஹெர்ட்ஸ்கூட இல்ல. லோடு குறைஞ்சு மோட்டார் 1480க்கு ஏறினாலே 24.7 ஹெர்ட்ஸ் ஆயிடும், பீம் படுத்துரும். விஎஃப்டியே இல்லாம இந்தக் கதி, விஎஃப்டில சப்ளையை 35 ஹெர்ட்ஸுக்கு இறக்கினா ஷாஃப்ட் 17 ஹெர்ட்ஸ் பக்கம் வந்துரும், கேக்கவே வேணாம். சப்ளையைப் போல ரெண்டு மடங்கா வர்ற 100 ஹெர்ட்ஸ் மேக்னடிக் அதிர்வுக்கு ட்யூன் பண்ணலாமேன்னு கேப்பீங்க, நேரா லைன்ல ஓடற மோட்டாருக்கு அது நல்ல யோசனைதான், லோடு மாறினாலும் அது நகராது, ஆனா விஎஃப்டி 35ல ஓடும்போது அதுவும் 70 ஆயிடும்.

பைஸ்டேபிள் பேப்பர்ல பாக்க ஆசையா இருக்கும். 2009ல காட்டோனே, எர்டுர்க்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்களோட குழுவும் காமிச்சது இதைத்தான்: மேக்னெட் வச்சா பீமுக்கு ரெண்டு பக்கமும் தங்க இடம் கிடைக்குது, இங்கயும் அங்கயும் தாவும்போது அகலமான ஃப்ரீக்வன்சில பவர் வருது. ஆனா தாவணுமே! 15லேர்ந்து 75 கிலோவாட் மோட்டாருக்கு மெஷின் அதிர்வுக்கான பழைய ஐஎஸ்ஓ 10816 தரத்தோட கணக்குல 2.8 மிமீ/செகண்ட் வரைக்கும் தாராளமா ஓட்டலாம், 24 ஹெர்ட்ஸ்ல அது வெறும் 0.043 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்துல 0.043 பங்கு). இந்த அளவு ஆட்டத்துல பீம் ஒரே பக்கத்துல உக்காந்துட்டு சும்மா நடுங்கும். பேரிங் போக ஆரம்பிச்சா நல்லா தாவும், ஆனா சென்சார் அதுக்கு முன்னாடியே உயிரோட இருக்கணும்ல. மேக்னெட் இடைவெளியைக் கூட்டி, தாவறதுக்கு இருக்கற தடையைக் குறைக்கலாம், நான் அதை பெஞ்சுல மட்டும்தான் ஆட்டிப் பாத்தேன், மோட்டார் மேல ஏத்தல. பஸ், பாலம் மாதிரி திடீர் குலுக்கல் வர்ற இடத்துக்கு இதுவே சரியா இருக்கலாம்.

பல பீம் எனக்கு ஒத்து வந்ததுக்கு ஒரே காரணம், எங்க விஎஃப்டி கன்னாபின்னானு அலையாது. 35, 42, 50 ஹெர்ட்ஸ்னு மூணு ப்ரீசெட், அவ்ளோதான். மூணு பீம், ஒவ்வொண்ணுக்கும் நுனில வாஷர் ஏத்தி இறக்கி ட்யூன் பண்ணிட்டேன். லோடு ஆட்டத்தைத் தாங்க பீம் முதுகுல பிசுபிசுப்பான டேம்பிங் டேப் ஒரு துண்டு, உச்சம் பாதியா குறையும், அகலம் ரெட்டிப்பாகும். 20 கிராம் நுனி எடைக்கு 0.043 ஜில, டேப் இல்லாம, கணக்குப்படி வர்றதே 0.3 மில்லிவாட்தான், அதுல பாதி போனாலும் பரவால்லன்னு முடிவு பண்ணேன், ஏன்னா சென்சார் எப்பவாவது முழிச்சு ஒரு பாக்கெட் அனுப்பிட்டுத் தூங்கறதுதானே. எந்நேரமும் ரெண்டு பீம் சும்மா கிடக்கும், இடம் வேஸ்ட், அது உண்மை.

ஒரு விஷயம் மட்டும் விடாதீங்க, மூணையும் ஒரே ரெக்டிஃபையர்ல (ஏசியை டிசி ஆக்கற பிரிட்ஜ்) கட்டக் கூடாது. ஃபேஸ் ஒத்து வராது, சும்மா கிடக்கற பீம் வேலை செய்யற பீமோட கரண்ட்டைக் குடிச்சிரும். பீசோ கரண்ட்டைச் சேத்து சென்சாருக்குக் கொடுக்கற எல்டிசி3588 சிப்புக்குள்ள பிரிட்ஜ் ஒண்ணுதான் இருக்கு, மத்த ரெண்டுக்கும் வெளிய தனித்தனியா பிரிட்ஜ் போட்டு இன்புட் கெப்பாசிட்டர்ல சேக்கணும். பீசோ செராமிக் கிளாம்ப் ஓரத்துலதான் விரிசல் விடும், டார்க் (முடுக்கற விசை) பாத்து முடுக்குங்க.

பேட்டரியே போதுமேன்னு சொல்ற ஆளுங்களுக்கு: 2.4 ஏஹெச் லித்தியம் தயோனைல் ஏஏ செல் ஒண்ணு, 100 மைக்ரோவாட்டை காகிதக் கணக்குல கிட்டத்தட்ட 10 வருஷம் கொடுக்கும். கைக்கு எட்டற மோட்டார்னா நானும் அதைத்தான் போடுவேன், கிணத்துக்குள்ள இறங்கி மாத்த வேண்டிய மோட்டாருக்குத்தான் இவ்ளோ கூத்தும்.